ராஜாவின் அழுக்குத் துணி

ஒரு ராஜாவைக் குடும்பத்தோடு சிறை வைத்தால், அந்த வீட்டுத் துணியை யார் வெளுப்பது?

கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் வேலூர்க் கோட்டையின் கதையை இந்தக் கேள்வியிலிருந்து பிடித்தால்தான் பாதி விஷயம் விளங்குகிறது. 133 ஏக்கர் பரப்பு. கருங்கல் மதில் இரண்டு அடுக்கு. சுற்றிலும் அகழி; அதில் முதலை விட்டு வைத்திருந்ததாகச் சொல்வார்கள். உள்ளே போக ஒரே வாசல். தமிழ்நாட்டில் இத்தனை முழுசாக நிற்கும் தரைக்கோட்டை வேறு இல்லை என்றே சொல்லலாம். அதற்குள் சுமார் 200 வருஷத்தில் மூன்று அரச குடும்பங்கள் அடைபட்டன. 1614இல் விஜயநகரப் பேரரசர் இரண்டாம் ஸ்ரீரங்கர், 1799க்குப் பிறகு திப்பு சுல்தானின் பிள்ளைகள், 1816இல் கண்டியின் கடைசி ராஜா. முதல் இரண்டு முறையும் சிறை ஓட்டையானது. இரண்டு முறையும் மதிலில் ஒரு கல்கூடப் பெயரவில்லை.

மதுரைக்காரர்கள் வேலூரைப் பற்றி ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்றால், முதலாவது, நம்மிடம் கோட்டை இல்லை. 1830களின் கடைசியில் கலெக்டர் பிளாக்பர்ன் நாயக்கர் கால மதிலை இடிக்கவைத்து, அந்த மண்ணையும் கல்லையும் அகழியிலேயே தள்ளித் தூர்த்தார். தூர்க்க முன்வந்தவர்களுக்கு அந்த இடமே மனையாகக் கிடைத்தது. மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் அந்த வேலையைப் பார்த்தவர்களின் பெயர்கள். நான்கு வெளி வீதிகளும் மதில் ஓடிய தடம். விளக்குத்தூண் பிளாக்பர்னுக்கு நன்றி சொல்ல நட்டது. பெரியார் பஸ் நிலையத்துக்கு எதிரே மேல வெளி வீதியில் ஒரு கொத்தளத்தின் துண்டு இருக்கிறது. அதைவிடப் பழைய பாண்டியர் கோட்டையின் மிச்சமாக, கோயிலுக்குக் கிழக்கே விட்டவாசல். அவ்வளவுதான். நாயக்கர் காலத்துக் கோட்டை ஒன்று அகழித் தண்ணீரோடு எப்படி இருக்கும் என்று பார்க்க நாம் வேலூருக்குத்தான் பஸ் ஏற வேண்டும்.

இரண்டாவது காரணம் கொஞ்சம் சங்கடமானது. அந்த மூன்று சிறைகளில் இரண்டில் மதுரையின் கை இருக்கிறது. ஒன்றில் நாம் கொன்றவன் பக்கம் நின்றோம். இன்னொன்றில் உள்ளே இருந்தவரே நம் ஊர்ச் சம்பந்தி.

முதலில் கட்டடத்தைப் பார்த்துவிடலாம். 16ஆம் நூற்றாண்டில், விஜயநகரத்துக்குக் கட்டுப்பட்ட சின்ன பொம்மி நாயக்கர் கட்டியது. கல் ஆற்காடு, சித்தூர்ப் பக்கத்திலிருந்து வந்தது. வெளியிலிருந்து உள்ளே வரும் வரிசை இது: அகழி, அகழி ஓரத்திலேயே எழும் தாழ்ந்த சிறுமதில், கொஞ்சம் இடைவெளி, அதற்குப் பின் உயர்ந்த பெருமதில். பெருமதிலில் இடையிடையே உருண்டைக் கொத்தளங்களும் சதுரமாகத் துருத்திய காவல் மேடைகளும். எதிரி அகழிக்கு அப்பால் பீரங்கியை நிறுத்திச் சுட்டால் குண்டு மதிலின் காலில் விழக் கூடாது. காலில் விழுந்தால் மேலே இருக்கும் கனமே மதிலைச் சரித்துவிடும். அந்தக் காலை மறைப்பதுதான் சிறுமதிலின் வேலை. கொத்தளம் உருண்டையாக இருப்பதற்கும் கணக்கு உண்டு. சதுர மூலையில் பட்ட குண்டு மூலையைப் பெயர்த்துக்கொண்டு போகும், உருண்டையில் பட்டது வழுக்கும்.

அகழிக்குத் தண்ணீர் சூரியகுண்டம் என்ற நீர்நிலையிலிருந்து நிலத்தடிக் குழாய் வழியாக வந்தது. ஊருக்குள் வாய்க்கால் வெட்டியிருந்தால் எதிரி முதல் நாளே அதை அடைத்திருப்பான். இந்த ஏற்பாட்டுக்கு ஒரு பக்கவிளைவு உண்டு. உள்ளே இருக்கும் ஜலகண்டேசுவரர் கோயில் தாழ்வான இடத்தில் இருப்பதால், அகழி நிரம்பினால் கோயிலுக்குள் தண்ணீர் வந்துவிடும். 2021 மழையிலும் வந்தது. சாமிக்குப் பெயர் சும்மா வைக்கவில்லை.

கோட்டையின் உண்மையான பலவீனம் கிழக்கே இருக்கும் மலைகள். அங்கே பீரங்கி ஏற்றினால் கோட்டைக்குள் நேராகக் குண்டு விழும். சிவாஜியின் ஆட்கள் 1677இல் முற்றுகை போட்டபோது இதைத்தான் செய்தார்கள். எதிர்மலைகளில் சாஜரா, கோஜரா என்று இரண்டு கோட்டையே கட்டிக்கொண்டார்கள். அப்படியும் 14 மாதம் ஆயிற்று. கடைசியில் கோட்டையை முடித்தது பசியும் நோயும்.

வெளியிலிருந்து வருபவனைத் தடுக்க இத்தனை யோசித்தவர்கள், உள்ளே இருப்பவன் வெளியே போவதைப் பற்றி யோசித்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. 1614இல் அதுதான் கேள்வியானது.

வேலூர் அப்போது பேரரசின் தலைநகர். லிங்கம நாயக்கர் கலகம் செய்ததால் இரண்டாம் வேங்கடபதி ராயர் 1604இல் கோட்டையைப் பிடித்து, பிறகு தன் ஆசனத்தையே இங்கே மாற்றிக்கொண்டார். 1614 அக்டோபரில் அவர் இறந்தார். அண்ணன் மகன் ஸ்ரீரங்கரை வாரிசாகச் சொல்லிவிட்டுப் போனார். ஆனால் ராணி ஒருத்தி, தனக்குப் பிறந்தது என்று சொல்லி ஒரு பையனை முன்பே அரண்மனையில் வளர்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய பிறந்த வீட்டுக்காரர் கொப்பூரி ஜக்கராயர். அவர் சில தளபதிகளைச் சேர்த்துக்கொண்டு, முடிசூடிச் சில மாதமே ஆன ஸ்ரீரங்கரையும் மனைவி மக்களையும் கோட்டைக்குள்ளேயே காவலில் வைத்தார்.

யாசம நாயக்கர் என்ற ஒரே ஒரு பெரிய தளபதி மட்டும் ஜக்கராயருக்குப் பணியவில்லை. அவர் வெளியே படையோடு இருந்தார். மதிலை உடைத்து உள்ளே போக அவருக்குப் பலம் போதாது. உள்ளே யார் தினமும் போய் வருகிறார்கள் என்று பார்த்தார். அரிசி போகிறது, விறகு போகிறது, பால் போகிறது. இதெல்லாம் உள்ளே போகும்போது நிறைந்தும் வெளியே வரும்போது வெறுமையாகவும் இருப்பவை. வெளியே வரும்போது பெரிய மூட்டையாக வருவது ஒன்றே ஒன்றுதான். அழுக்குத் துணி. அதையும் காவல்காரன் அவிழ்த்துப் பார்க்க மாட்டான். அரண்மனைப் பெண்களின் துணியை அவிழ்த்துப் பார்ப்பது மரியாதைக் குறைவு, அருவருப்பு, இரண்டும். ராஜாவின் இரண்டாவது மகன் ராமதேவன், வயது 12 வாக்கில், வண்ணார் கட்டிய துணி மூட்டைக்குள் சுருண்டு கோட்டையை விட்டு வெளியே வந்தான்.

இதை எழுதி வைத்தவர் பர்ராதாஸ் என்ற ஏசு சபைப் பாதிரியார். கொச்சியிலிருந்து 1616 டிசம்பரில் எழுதிய கடிதம். அடுத்த முயற்சியாக நிலத்துக்கு அடியில் வழி தோண்டினார்கள். அது பிடிபட்டது, காவல் இறுகியது. பிறகு கோட்டைக்குள் இருந்த ஒரு தலைவனையே யாசமர் தன் பக்கம் இழுத்தார். அவன் காவல்காரர்களைக் கொன்றுவிட்டு யாசமருக்குச் செய்தி அனுப்பினான். யாசமர் வந்து சேர்வதற்குள் ஜக்கராயரின் தம்பி உள்ளே புகுந்துவிட்டான். ராஜ குடும்பம் முழுவதும் அழிந்தது. துணி மூட்டையில் போன பிள்ளை ஒருவன்தான் மிச்சம்.

தோண்டிய வழி என்றதும் இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். வேலூரில் கேட்டால் கோட்டையிலிருந்து விரிஞ்சிபுரம் வரை சுரங்கம் இருக்கிறது என்பார்கள். திருமலை நாயக்கர் மகாலிலிருந்து மீனாட்சியம்மன் கோயிலுக்குச் சுரங்கம் இருக்கிறது என்று நம்மூரில் சொல்வது போலத்தான். விரிஞ்சிபுரம் 12 கிலோமீட்டர் வாக்கில் இருக்கிறது. அத்தனை தூரத்துக்குச் சுரங்கம் வெட்டினால் காற்றுக்குத் துளை வேண்டும், ஊற்றுத் தண்ணீரை இறைக்க ஆள் வேண்டும், தோண்டிய மண்ணைக் கொட்ட இடம் வேண்டும். மண்மேடு ஊருக்கே காட்டிக்கொடுத்துவிடும். துணி மூட்டைக்கு இது ஒன்றும் தேவைப்படவில்லை.

மதுரை வருவது இந்த இடத்தில். தப்பிய பையனுக்கு முடிசூட்ட யாசமரும் தஞ்சை ரகுநாத நாயக்கரும் ஒரு பக்கம் சேர்ந்தார்கள். ஜக்கராயர் தெற்கே ஓடிவந்தார். அவருக்குக் கைகொடுத்தவர்களில் செஞ்சியும் மதுரையும் உண்டு. மதுரையில் அப்போது முத்து வீரப்ப நாயக்கர். கல்லணைக்குப் பக்கத்தில் தோப்பூரில் சண்டை நடந்தது. தஞ்சைக்குத் தண்ணீர் போகாமலிருக்க இவர்கள் அணையையே உடைத்தார்கள் என்று தஞ்சைப் பக்கத்து எழுத்துகள் சொல்கின்றன. ஜக்கராயர் களத்தில் விழுந்தார், மதுரைப் படை ஓடியது. பேரரசிடமிருந்து விடுபட நினைத்த மதுரைக்கு, பேரரசு யார் கையில் சிதறினாலும் லாபம் என்ற கணக்கு இருந்திருக்கும். அந்தக் கணக்கு புரிகிறது. ஆனாலும் ஒரு குடும்பத்தையே சிறையில் வைத்துக் கொன்றவனோடு நின்றதை வீரம் என்று எழுத மனம் வரவில்லை.

அதற்குப் பிறகு பிஜப்பூர், மராத்தியர், மொகலாயர், ஆற்காட்டு நவாப் என்று கை மாறியதை விரிக்க வேண்டாம். நவாப் காலத்துச் சம்பவம் ஒன்று மட்டும். 1742இல் நவாப் சப்தர் அலி வேலூர்க் கோட்டைக்குள் விருந்தாளியாகத் தங்கியிருந்தபோது கொல்லப்பட்டார். ஏற்பாடு, அவர் உறவினரும் கோட்டைக்குச் சொந்தக்காரருமான முர்தாசா அலி. முர்தாசா அலி ஆற்காட்டுக்குப் போய்த் தன்னை நவாபாக அறிவித்துக்கொண்டார். படை ஏற்கவில்லை. உயிருக்குப் பயந்து அவர் வேலூருக்குத் திரும்பியது எப்படித் தெரியுமா? பெண் வேஷத்தில், திரை போட்ட மூடுபல்லக்கில். அழுக்குத் துணியை எந்தக் காவல்காரனும் அவிழ்ப்பதில்லை. மூடுபல்லக்கின் திரையையும் எவனும் விலக்குவதில்லை.

கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இந்தப் பாடம் தெற்கே நம் பக்கத்தில் கிடைத்தது. பாஞ்சாலங்குறிச்சி விழுந்த பிறகு கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையைப் பாளையங்கோட்டைச் சிறையில் வைத்திருந்தார்கள். 1801 பிப்ரவரி 2ஆம் தேதி தப்பினார். உதவிக்கு வந்தவர்கள் விறகு விற்பவர்களாக வந்தார்கள், ஆயுதம் விறகுக் கட்டுக்குள் இருந்தது. சிறைக்கு அடுப்பு எரிய விறகு வேண்டுமே. அந்த ஆண்டு முழுக்க நடந்த போரின் முடிவில் சிவகங்கை வீழ்ந்தபோது கம்பெனி முறையை மாற்றியது. சிவகங்கை மன்னர் வேங்கன் பெரிய உடையத் தேவரையும், சின்ன மருதுவின் மகன் துரைசாமியையும், இன்னும் பலரையும் 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியிலிருந்து கப்பலேற்றிப் பினாங்குக்கு அனுப்பியது. பினாங்கில் விறகு விற்பவனுக்குச் சிவகங்கை எங்கே இருக்கிறது என்றே தெரியாது. கடல்தான் மேலான அகழி என்று கண்டுகொண்டார்கள்.

வேலூரில் மட்டும் அந்தப் புத்தி வர இன்னும் நான்கு ஆண்டு ஆனது.

1799 மே 4இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு இறந்தார். அவர் பிள்ளைகளை மைசூரில் வைக்க முடியாது. அங்கே உடையார் வம்சத்துக் குழந்தையைச் சிம்மாசனத்தில் வைத்தாயிற்று. வேலூர் தேர்வானது. கம்பெனிப் படை அங்கே இருந்தது, சென்னைக்கு நெருக்கம், கோட்டை திடமானது. காகிதத்தில் எல்லாமே சரி. ஆனால் வந்தது நான்கு இளவரசர்கள் மட்டும் அல்ல. ஃபத்தே ஹைதர், அப்துல் காலிக், முயிசுத்தீன், முயினுத்தீன் என்ற மூத்தவர்களுக்குப் பின்னால் மற்றப் பிள்ளைகள், ஹைதரின் விதவை பக்ஷி பேகம், திப்புவின் மனைவி பாதுஷா பேகம், இரண்டு அந்தப்புரத்துப் பெண்கள், அவர்களுக்குச் சமையல்காரர், தண்ணீர் சுமப்பவர், தையல்காரர், வைத்தியர். இவர்களை நம்பிப் பிழைத்தவர்களும் பின்னாலேயே வந்து கோட்டையைச் சுற்றிக் குடியேறினார்கள். மைசூரிலிருந்து அப்படி வந்தவர்கள் சுமார் 3,000 பேர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. ஒரு கைதிக்குக் காவல் போடலாம். ஒரு ஊருக்கு எப்படிப் போடுவது?

கம்பெனி தாராளமாகத்தான் நடந்துகொண்டது. உதவித்தொகை கொடுத்தது, கல்யாணம் கார்த்திகை தடுக்கவில்லை, கவனிக்க லெப்டினன்ட் கர்னல் மாரியட் என்ற அதிகாரியைப் போட்டது. இளவரசர்களின் மகால்கள் கோட்டைக்குள், வெள்ளைச் சிப்பாய்களின் பாசறை கோட்டைக்குள், வெடிமருந்துக் கிடங்கும் கோட்டைக்குள். கைதி, காவல்காரன், வெடிமருந்து, மூன்றும் ஒரே மதிலுக்குள் என்றால் அதற்குச் சிறை என்று பெயர் வைப்பதே தப்பு.

காவல் படையின் கணக்கு: 69ஆம் ரெஜிமெண்டின் நான்கு பிரிவு வெள்ளைக்காரர்கள், சென்னைப் படையின் மூன்று பட்டாளம் இந்தியச் சிப்பாய்கள். சிப்பாய்களே பல மடங்கு அதிகம். 1805 நவம்பரில் ஒரு உடுப்பு உத்தரவு வந்தது. புதுத் தலைப்பாகை, அதில் தோல் பட்டை. பார்க்கத் தொப்பி மாதிரி இருக்கும். நெற்றியில் நாமமோ திருநீறோ கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடி மழிக்க வேண்டும், மீசை ஒரே அளவில் இருக்க வேண்டும். தொப்பி போட்டால் ஊரில் ‘தொப்பிக்காரன் ஆகிவிட்டான்’ என்பார்கள். சம்பந்தம் நின்றுபோகும், பந்தியில் இடம் இருக்காது. இந்துவுக்கும் முஸ்லிமுக்கும் ஒரே உத்தரவில் காயம். 1806 மே மாதம் வேலூரில் ஒரு பட்டாளம் தலைப்பாகையை மறுத்தது. இருவருக்குத் தலா 900 கசையடி விதித்தார்கள். அந்தப் பட்டாளத்தை மாற்றிவிட்டு 23ஆம் ரெஜிமெண்டின் இரண்டாம் பட்டாளத்தைக் கொண்டுவந்தார்கள். புதிதாக வந்தவர்களுக்கும் அதே தலைப்பாகைதான்.

இனி என்ன தவறியது என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். ஜூன் 17ஆம் தேதி முஸ்தபா பேக் என்ற சிப்பாய் தன் மேலதிகாரியிடம் போய் சதி நடக்கிறது என்று சொன்னார். அதிகாரி அதை விசாரிக்கச் சொல்லி இந்திய அதிகாரிகள் கையிலேயே விட்டார். சதியில் இருந்தவர்களே விசாரித்தார்கள். ‘இவனுக்குப் புத்தி பேதலித்திருக்கிறது’ என்று முடிவு சொல்லி, அவருக்கு விலங்கு மாட்டினார்கள். பின்னால் அரசாங்கம் அவருக்கு 2,000 வராகன் வெகுமதி கொடுத்தது.

சிப்பாய்கள் வழக்கமாகக் கோட்டைக்கு வெளியே, பேட்டையில் தங்கள் குடிசைகளில் தூங்குவார்கள். ஜூலை 10 காலையில் அணிவகுப்பு இருந்ததால் 9ஆம் தேதி இரவு உள்ளேயே படுத்தார்கள். அதே நாளில் மகாலில் திப்புவின் மகள் ஒருத்திக்குக் கல்யாணம். வெளியாட்கள் உள்ளே வந்துபோனால் யாரும் கேட்கப் போவதில்லை. நள்ளிரவு ரோந்து போக வேண்டிய வெள்ளை அதிகாரி அந்த வேலையை இந்திய அதிகாரியான சுபேதாரிடம் விட்டார், சுபேதார் தனக்குக் கீழே இருந்த ஜமாதாரிடம் விட்டார். அந்த ஜமாதார் ஷேக் காசிம், சதியின் முக்கிய ஆள். பின்னிரவு 2 மணிக்குச் சுடத் தொடங்கினார்கள். முதலில் வெள்ளைக் காவலர்கள், பிறகு பாசறையில் தூங்கியவர்கள். கோட்டைத் தளபதி கர்னல் ஃபேன்கோர்ட் செத்தார். 14 அதிகாரிகளும் 69ஆம் ரெஜிமெண்டின் 115 பேரும் செத்தார்கள். விடியும்போது கொடிமரத்தில் மைசூர்ப் புலிக்கொடி.

இதற்கு மேல் கலகக்காரர்கள் செய்த தவறுகள். பணமும் பொருளும் கிடைத்ததும் கொள்ளை தொடங்கியது. கொள்ளையில் கை நிறைந்தவன் காவலுக்கு நிற்க மாட்டான். மதில் மேல் 69ஆம் ரெஜிமெண்ட் ஆட்கள் கொஞ்சம் பேர், வாசலுக்கு மேலே ஒரு மூலையில் உயிரோடு ஒட்டிக்கொண்டிருந்தார்கள், தோட்டா தீர்ந்திருந்தது. அவர்களை முடிக்கவில்லை. ஒன்றன்பின் ஒன்றாக நான்கு கதவுகள் கொண்ட வாசல் அது. வெளிக்கதவு இரண்டையும் திறந்தே விட்டுவிட்டார்கள். கோட்டைக்கு வெளியே தூங்கிய மேஜர் கோட்ஸ் என்ற அதிகாரி ஆற்காட்டுக்குச் செய்தி அனுப்பியதையும் யாரும் தடுக்கவில்லை.

ஆற்காடு 16 மைல். அங்கே 19ஆம் குதிரைப்படையோடு இருந்தவர் கில்லெஸ்பி. கையில் கிடைத்த சுமார் 20 பேரோடு முன்னால் ஓடிவந்தார். பீரங்கி பின்னால் வந்தது. மூடியிருந்த மூன்றாவது கதவுக்கு மேலே நின்றவர்களில் பிராடி என்ற சார்ஜண்ட் அவரை அடையாளம் கண்டான். கயிற்றைத் தொங்கவிட்டு அவரை மதில் மேல் தூக்கினார்கள். பீரங்கி வந்ததும் பொறியாளர் பிளாகிஸ்டன் கதவை வெடித்துத் திறந்தார், குதிரைப்படை உள்ளே புகுந்தது. அதன் பிறகு நடந்ததைப் போர் என்று சொல்ல முடியாது. சுமார் 350 சிப்பாய்கள் அன்றே செத்தார்கள். மகாலுக்குள் ஒளிந்திருந்த நூறு பேர் வரை வெளியே இழுத்துச் சுவரில் நிறுத்திச் சுட்டார்கள். விசாரணைக்குப் பிறகு 6 பேரைப் பீரங்கி வாயில் கட்டிச் சிதறடித்தார்கள்.

கலகம் திப்பு பிள்ளைகளின் சதியா, தலைப்பாகைக் கோபமா என்று அன்றைக்கே கம்பெனிக்குள் இரண்டு கட்சி இருந்தது. கவர்னர் பெண்டிங்க், தளபதி கிராடக் இருவரும் பதவி இழந்தார்கள். உடுப்பு உத்தரவு ரத்தானது. தலைப்பாகை மட்டும் இருந்திருந்தால் மே மாதம் நடந்தது போல ஒரு மறுப்பும் கசையடியுமாக முடிந்திருக்கும். ‘இனி யார் கீழே?’ என்ற கேள்விக்குப் பதிலாக ஒரு ராஜா அடுத்த கட்டடத்திலேயே இருந்ததால்தான் அது ஒரே இரவில் அரசாங்கமாக மாறப் பார்த்தது. இளவரசர்களில் எத்தனை பேர் வாய் திறந்தார்கள் என்பது அவ்வளவு முக்கியம் இல்லை. அவர்கள் பெயரே போதுமாயிருந்தது.

இளவரசர்களைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். வேலூரில் சிறு பிள்ளையாக இருந்த குலாம் முகமது பின்னாளில் அங்கே கட்டியதுதான் கல்கத்தாவின் திப்பு சுல்தான் மசூதி. பெண்களில் பலர் வேலூரிலேயே தங்கிவிட்டார்கள். பக்ஷி பேகம் 1806இல் இறந்தார், பாதுஷா பேகம் 1834இல். கல்லறைகள் கோட்டைக்கு வெளியே ஊருக்குள் இருக்கின்றன.

மகால்கள் காலியாகிப் பத்து வருஷம் கழித்து வந்தவர்தான் நம் ஊர்ச் சம்பந்தி.

கண்டி ராஜாக்களுக்கு ஒரு கட்டாயம் இருந்தது. பட்டத்து ராணி சூரிய வம்சத்துப் பெண்ணாக இருக்க வேண்டும். இலங்கைக்குள் அப்படிக் குடும்பம் இல்லை. அதனால் மதுரைக்குப் பெண் கேட்டு ஆள் அனுப்புவார்கள். இங்கே ஆட்சிக் கட்டிலில் இருந்த கிளை அல்ல, நாயக்கர் உறவு வழியில் வந்த, தெலுங்கு பேசும் வடுகக் குடும்பங்கள் பெண் கொடுத்தன. பெண்ணோடு அண்ணன் தம்பியும் போனார்கள். 1739இல் நரேந்திரசிங்கன் வாரிசு இல்லாமல் இறந்தபோது ராணியின் தம்பி ஸ்ரீ விஜய ராஜசிங்கன் என்ற பெயரில் முடிசூடினார். அதிலிருந்து நான்கு ராஜாக்கள், 76 ஆண்டு. மதுரையில் நாயக்கர் ஆட்சி 1736இல் முடிந்துவிட்டது. இங்கே அணைந்த விளக்கு அங்கே மூன்று வருஷத்தில் ஏறியது என்று வைத்துக்கொள்ளலாம். நான்காமவர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், பிறந்த பெயர் கண்ணுசாமி. 1798இல் பதவிக்கு வந்தபோது வயது 18.

1815 பிப்ரவரி 18இல் அவர் பிடிபட்டார். மார்ச் 2இல் போட்ட கண்டி உடன்படிக்கையில் ஒரு பிரிவு முழுக்க முழுக்க அவர் உறவினர்களைப் பற்றியது: ராஜாவின் உறவினர் என்று சொல்லிக்கொள்ளும் எந்த ஆணும் கண்டிச் சீமைக்குள் கால் வைக்கக் கூடாது. வேலூரில் கிடைத்த பாடம் என்றே அதைப் படிக்கத் தோன்றுகிறது. ராஜாவை அடைப்பது சுலபம், ராஜாவின் சம்பந்திகளை அடைப்பதுதான் கஷ்டம். 1816 ஜனவரி 24இல் கொழும்பில் கார்ன்வாலிஸ் என்ற கப்பலில் ஏற்றினார்கள். கூடவே ராணிகள், உறவினர், வேலைக்காரர். காவலாகப் போன வில்லியம் கிரான்வில் என்ற அதிகாரி அந்தப் பயணத்தை நாட்குறிப்பாக எழுதி வைத்தார். சென்னையில் இறக்கி வேலூருக்குக் கொண்டுபோனார்கள்.

இந்த முறை ஏற்பாடு வேலை செய்தது. திப்பு பிள்ளைகளை அவர்கள் சீமைக்குப் பக்கத்திலேயே வைத்தார்கள். கண்டி ராஜாவுக்கும் அவர் குடிகளுக்கும் நடுவே கடல் இருந்தது. வேலூர்க் கடைத்தெருவில் கண்டிக்காகக் கத்தி எடுக்க ஒருவன் கிடையாது. காவல் சிப்பாய்க்கு அவர் யாரோ ஒரு ராஜா. மதுரையிலோ திருச்சியிலோ வைத்திருந்தால் கல்யாணச் சம்பந்தம் தேடி ஆள் வந்துகொண்டே இருந்திருப்பார்கள். அந்த இரண்டு ஊரையும் தவிர்த்தது தற்செயல் என்று நம்ப முடியவில்லை.

ஆனாலும் பெயர் மட்டும் கடலைத் தாண்டியது. 1817இல் கண்டிச் சீமையின் ஊவாவில் பெரிய கிளர்ச்சி எழுந்தபோது வில்பாவே என்ற ஒருவன் தன்னை நாயக்கர் குடும்பத்துத் துரைசாமி என்று சொல்லிக்கொண்டு உரிமை கேட்டான். நம்பினார்கள். நாயக்கர் ஆண்கள் எல்லாரையும் நாட்டை விட்டு விரட்டியாயிற்று, அசல் ராஜா வேலூரில் மகாலுக்குள் உட்கார்ந்திருக்கிறார். அந்த ஆண்கள் யாருமே இல்லாததால்தான் போலிக்கு இடம் கிடைத்தது.

ராஜா 16 வருஷம் அங்கேயே இருந்தார். 1832 ஜனவரி 30இல், உடம்பில் நீர் கோத்து வீங்கும் நோயால் இறந்தார், வயது 52. அவருடைய சிம்மாசனமும் கிரீடமும் இங்கிலாந்து போய், 1934இல்தான் இலங்கைக்குத் திரும்பின.

போய்ப் பார்க்க நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். ரயிலில் போனால் இறங்குவது காட்பாடி. பாலாற்றின் வடகரையில் இருக்கிறது, கோட்டை தென்பக்கம் ஊருக்கு நடுவே. உள்ளே ஹைதர் மகால், திப்பு மகால் என்று பெயர்ப்பலகை பார்த்து ஏமாற வேண்டாம். ஹைதரோ திப்புவோ அங்கே குடியிருந்ததில்லை, அது அவர்கள் குடும்பத்துக்கு ஒதுக்கிய கட்டடங்களின் பெயர். காவலர் பயிற்சிப் பள்ளி அவற்றில் நடந்து வந்தது, எல்லா இடத்துக்கும் விட மாட்டார்கள். கண்டி மகால் என்று கேட்டால் காட்டுவார்கள். ஜலகண்டேசுவரர் கோயிலின் கல்யாண மண்டபத் தூண்களுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். மதுரைப் புதுமண்டபத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, சிலை வெளியே துருத்திவரும் விதம் ஒரே கையெழுத்து மாதிரித் தெரியும். அந்தக் கோயிலில் நூற்றாண்டுக் கணக்கில் சாமியே இல்லை; 1981 மார்ச்சில்தான் லிங்கத்தைத் திரும்ப வைத்தார்கள்.

மதில் மேல் நடக்கக் காலை நேரம் நல்லது, கருங்கல் பதினோரு மணிக்கே காலைச் சுட்டுவிடும். கிழக்கு மலைகளைப் பார்த்தபடி நின்றால் பீரங்கிக் கணக்கு தானாகப் புரியும். வெளியே வந்து, வாசலுக்குப் பக்கத்துப் பழைய வெள்ளைக்காரர் கல்லறைத் தோட்டத்தில் 1806இல் செத்த 69ஆம் ரெஜிமெண்ட்காரர்களின் நினைவுக்கல் இருக்கிறது. கில்லெஸ்பியின் ஆட்கள் சுவரில் நிறுத்திச் சுட்டவர்களுக்கு அங்கே கல் கிடையாது. சிப்பாய்களுக்கான நினைவுத்தூண் ஊருக்குள் மக்கான் பக்கம்.

கண்டி ராஜாவின் இடம் கோட்டைக்கு வடக்கே ஒரு கிலோமீட்டர் வாக்கில், பாலாற்றங்கரையில். முத்து மண்டபம் என்று சொன்னால் ஆட்டோக்காரருக்குத் தெரியும். தமிழ்நாடு அரசு 1990இல் கட்டியது. ராஜாவின் கல்லறையோடு குடும்பத்தாருடையவையும் சேர்த்து ஏழு. கோட்டைக்குள் இருக்கும் அரசு அருங்காட்சியகத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டுமானால் வெள்ளிக்கிழமை போகாதீர்கள், அன்றைக்கு விடுமுறை.